மீன் தொட்டி ஃபில்டர்: பஞ்சில் இல்லாத அடைப்பு

நேற்று காலை ஆறரைக்கு மறுபடி அளந்தேன். மீன் தொட்டி ஃபில்டர் தள்ளுகிற தண்ணியில் ஒரு லிட்டர் மக் நிரம்ப 7 விநாடி. மே மாதம் இதே ஃபில்டர், இதே மக், 21 விநாடி எடுத்தது. அதற்கு முன்பே இரண்டு மீன் செத்தது; அதன் பிறகு ஒரு பீங்கான் கம்பி உடைந்தது, ஒரு மிளகளவு ரப்பர் சாக்கடையோடு போனது. இனி தைரியமாக எழுதலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நம்ம வேலூர் உப்புத் தண்ணியில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பயன்படும்.

எனக்குத் தொழில் தையல். சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். மீன் தொட்டி என் மகனுடையது. போன வருடம் அவன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து என் பொறுப்பு. 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கல், செடி போக ஒரு 55 லிட்டர் தண்ணி நிற்கும். நாலு கோல்டு ஃபிஷ். ஃபில்டர் தண்ணிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டி நிற்கிற வகை: மேலே மோட்டார், கீழே ஒரு டப்பா, டப்பாவுக்குள் உருளையாக ஒரு பஞ்சு, அடியில் கொஞ்சம் பீங்கான் வளையம். பெட்டியில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருந்தது.

சித்திரை பிறந்த சமயம், ஃபில்டரின் மூக்கில், அதாவது தண்ணி வெளியே வருகிற வாயில், தண்ணி மெலிந்துவிட்டதைக் கவனித்தேன். முன்பெல்லாம் அது அடிக்கிற வேகத்துக்கு எதிர்ப்பக்கச் செடி சாயும். இப்போது இலைகூட அசையவில்லை. மெஷின் ஓடாவிட்டால் முதலில் அழுக்கெடுப்பதுதான் என் வழக்கம். பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலில் சிக்கிய நூல் பிசிறை எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டால் பாதி கோளாறு போய்விடும். ஃபில்டரையும் அப்படியே நினைத்தேன்.

அன்று தெருக் குழாயில் தண்ணி வந்த நாள். பஞ்சை நேராகக் குழாயடியில் பிடித்து, பிழிந்து பிழிந்து, சொட்டுகிற தண்ணி கண்ணாடி மாதிரி வரும்வரை அலசினேன். முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணியில் பிளீச்சிங் வாசனை நன்றாகவே அடித்தது, அதை நான் நல்லதென்றுதான் எடுத்துக்கொண்டேன். பீங்கான் வளையங்களைக் கொதிக்கிற தண்ணியில் போட்டேன். தொட்டியில் முக்கால்வாசித் தண்ணியை இறைத்துப் புதிதாக நிரப்பினேன், கல்லையும் கழுவினேன். எல்லாம் ஒரே நாளில். சாயங்காலம் தொட்டி பளபளவென்று இருந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

இரண்டாம் நாள் தண்ணி அரிசி களைந்த தண்ணி போல மங்கியது. மூன்றாம் நாள் காலையில் நாலு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் ஒன்று போனது, மறுநாள் இன்னொன்று. அவன் ஏழாவது படிக்கும்போது வாங்கிய மீன் அது. போனில் அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணியைப் பிடித்துக்கொண்டு காட்பாடி ரோட்டில் இருக்கிற மீன் கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் தண்ணியை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகத் திரும்பியது.

“அம்மோனியாக்கா. பஞ்ச எதுல கழுவுனீங்க?”

“குழாய்த் தண்ணியிலதான் தம்பி. வெள்ளையா ஆகற வரைக்கும் கழுவினேன்.”

“இன்னாக்கா இப்டி பண்ணிட்டீங்க! அதுல இருக்கிறதெல்லாம் அழுக்கு இல்லக்கா. மீன் போடற கழிவத் தின்ற பாக்டீரியாவே அதுலதான் கீது.”

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் பஞ்சிலும் வளையத்திலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. அந்த மூன்றையும் ஒரே நாளில் நான் கழுவிவிட்டேன். குளோரினில் பாதியும் கொதிநீரில் மீதியும் போயிருக்கும். நாலு கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்தத் தொட்டியே சின்னது என்றும் தம்பி சொன்னார்.

அவர் சொன்னபடி செய்தேன். தினமும் ஒரு வாளி, 15 லிட்டர், எடுத்துவிட்டு ஒரு நாள் முன்பே பிடித்து ஆன்டி குளோரின் சொட்டு விட்டு வைத்த தண்ணியை ஊற்றுவது. தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, நாலே நாலு உருண்டை. கடையில் நோயில்லாமல் ஓடுகிற ஒரு தொட்டியின் பஞ்சைப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணியை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தார். அதை என் பஞ்சு மேல் ஊற்றினேன். இரண்டாம் வாரம் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது. அதற்கு அயோடின் சேராத கல்லுப்பு 50 கிராம், கரைத்து மூன்று தவணையாக. அப்புறம் தினமும் எடுத்த தண்ணியோடு போகிற உப்பை, வாளிக்கு 15 கிராம் வீதம் திரும்பச் சேர்த்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர மொத்தம் 23 நாள். மீதி இரண்டு மீனும் பிழைத்தன.

இதெல்லாம் முடிந்த பிறகும் மூக்கில் தண்ணி மெலிசாகத்தான் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எந்தக் கோளாறுக்காக அவ்வளவு கழுவினேனோ அந்தக் கோளாறு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அளந்து பார்க்கிற யோசனை வந்தது. துணியை அளக்காமல் வெட்ட மாட்டேன், இதை ஏன் கண்ணால் பார்த்தே முடிவு செய்தேன்? தொட்டித் தண்ணி ஒரு வாளி எடுத்து, ஃபில்டரை அதில் முக்கி, மூக்கில் ஒரு சாண் டியூபைச் செருகி, டியூபின் மறுமுனையை வாளி விளிம்பை ஒட்டி வெளியே விட்டு ஒரு லிட்டர் மக்கைப் பிடித்தேன். டியூபின் வாய் வாளித் தண்ணி மட்டத்துக்கே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் வேகம் குறையும், ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் பிடித்தால்தான் கணக்கு நிற்கும். 21 விநாடி. மணிக்கு 171 லிட்டர்.

அடுத்துப் பஞ்சையும் டப்பாவையும் முழுக்கக் கழற்றி, வெறும் மோட்டாரை மட்டும் ஓட்டினேன். 17 விநாடி.

பஞ்சே இல்லாமல் 17 என்றால் அடைப்பு பஞ்சில் இல்லை. இந்த ஒரு சோதனையை, ஐந்து நிமிட வேலை, ஏப்ரலில் செய்திருந்தால் அந்தப் பஞ்சைத் தொட்டே இருக்க மாட்டேன்.

மோட்டாரின் முன் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே குழி, குழிக்குள் காந்தம், காந்தத்தின் தலையில் இதழ் இதழாக ஒரு சின்ன விசிறி. பெட்டியில் இம்பெல்லர் என்று போட்டிருக்கிறது, கடையில் ஃபேன் என்கிறார்கள். அதைத் திறக்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன், அதில் மட்டும் எப்போதும் கவனம். மூடியைத் திறந்ததும் புரிந்துவிட்டது. எங்கள் போர் தண்ணியில் குளியலறைக் குழாய் வாயில் படிகிற அதே வெள்ளை உப்பு, காந்தத்தைச் சுற்றி முட்டை ஓடு தடிமனுக்குச் சட்டை போட்டிருந்தது. இதழ்களுக்கு நடுவில் பச்சைப் பாசியும் மகனுடைய தொட்டிச் செடியின் வேர் நூலும் சுற்றிக் கிடந்தன.

இங்கே இரண்டாவது தப்பு. காந்தம் லேசாக வெளியே வந்தது, ஆனால் அது சுழல்கிற பீங்கான் கம்பி குழியின் அடியில் உப்போடு உப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நோஸ் பிளையரால் பிடித்து ஒரு இழு. ‘டிக்’. பாதி என் கையில், பாதி குழிக்குள். பீங்கான் கம்பி நேர் இழுப்பைத் தாங்கும், கொஞ்சம் சாய்த்தாலும் ஊசி மாதிரி முறியும். முதலில் ஊறவைத்திருக்க வேண்டும்.

ஊறவைக்க எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தேன். நாலு பழம் பிழிந்தும் ஒரு மணி நேரத்தில் மேல்பூச்சு மட்டும் போனது. கோடையில் எலுமிச்சை விற்கிற விலைக்கு அது வீண். வெள்ளை வினிகர் அரை லிட்டர் பாட்டில் 45 ரூபாய். குழி நிறைய ஊற்றி நிமிர்த்தி வைத்ததும் மோர் பொங்குவது போலப் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. அரை மணி கழித்து ஊற்றிவிட்டு இன்னொரு அரை மணி. கவிழ்த்து மரப் பலகையில் மெல்லத் தட்டினேன், உடைந்த கம்பி தானே விழுந்தது. பாபின் கேஸ் துடைக்கிற பிரஷ் குழிக்குச் சரியாக நுழைகிறது. மெஷினுக்கு வேறு, இதற்கு வேறு என்று 20 ரூபாய்க்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டேன், எண்ணெய் பட்ட பிரஷ் தொட்டிப் பக்கம் வரவே கூடாது.

வினிகர் மோட்டார் குழிக்கும் ஃபேனுக்கும் மட்டும். பஞ்சு, வளையம் எதிலும் ஒரு சொட்டுப் படக் கூடாது. முடிந்ததும் நல்ல தண்ணியில் நாலைந்து முறை அலச வேண்டும்.

கம்பி உடைந்ததால் ஃபேன் தேட வேண்டி வந்தது. லாங்பஜார் பக்கம் இரண்டு கடையில் கேட்டேன், உதிரியாகக் கிடையாது, புது ஃபில்டரே 480 ரூபாய்தான் என்றார்கள். புதிதும் இந்தத் தண்ணியில்தானே ஓட வேண்டும்? நாலு மாதத்தில் இதே இடத்தில் வந்து நிற்கும். மீன் கடைத் தம்பியிடம் செத்துப்போன மோட்டார்கள் ஒரு வாளி நிறைய இருந்தன. சரக்கெல்லாம் சென்னை கொளத்தூரிலிருந்து வருகிறது, ரிப்பேருக்கு ஆள் இல்லாததால் பழையதைப் பொறுக்கி வைத்திருக்கிறார். முதலில் எடுத்து வந்த ஃபேன் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தது, குழிக்குள் போட்டால் உரசிக்கொண்டு நின்றுவிட்டது. இஞ்ச் டேப்பை வைத்து உருளையின் குறுக்களவை எடுக்க முடியாது. தைக்கிற நூலைக் காந்தத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேருகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நூலை நீட்டி அளந்தேன். என்னுடையது 41 மில்லிமீட்டர், அவர் கொடுத்தது 44. 3.14-ஆல் வகுத்தால் சுமார் 13, 14 வரும். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதில் ஃபேன் நின்றுவிடுகிறது. மறுநாள் அந்த நூலோடு போய் வாளியைக் கிளறி, 41 வருகிற ஒன்றை, கம்பியோடு, 50 ரூபாய்க்கு எடுத்தேன்.

கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டுக் கம்பியில் விட்டால் சத்தமில்லாமல் ஓடாதா?

“ஐயோ வேணாங்கா. தண்ணி மேல ஏடு கட்டிக்கும், மீனு மூச்சு வுட முடியாது. இதுக்குத் தண்ணியேதான் எண்ணெ.”

கேட்டது நல்லதாயிற்று.

மாட்டினதும் வெறும் மோட்டார் 6 விநாடி. அதாவது பெட்டியில் போட்டிருந்த அதே 600 லிட்டர். ஆனால் கடகடவென்று சத்தம். கம்பியின் இரண்டு முனைக்கும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், அடியில் இருந்தது, மூடிப் பக்கத்துப் புஷ்ஷைக் காணோம். குழாயடியில் அலசும்போது வழுக்கிச் சாக்கடையில் போயிருக்கிறது. சைக்கிள் கடையில் பழைய வால்வு டியூப் கேட்டு வாங்கி, 4 மில்லிமீட்டர் நறுக்கி முனையில் மாட்டினேன். சத்தம் நின்றது. ஒன்றரை மாதத்தில் அது ஊறித் தளர்ந்துவிட்டது, தம்பி வேறொரு செத்த மோட்டாரிலிருந்து அசல் புஷ் எடுத்துக் கொடுத்தார். அவசரத்துக்கு வால்வு டியூப் போதும், நிரந்தரம் இல்லை. இப்போது எதைக் கழுவினாலும் கீழே டீ வடிகட்டி பிடித்துக்கொண்டுதான் கழுவுகிறேன்.

மே கடைசியில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை. வெளியே 41 டிகிரி, தொட்டியில் 33. சூடான தண்ணியில் காற்று குறைவாகத்தான் கரையும், அதோடு ஃபில்டரும் நின்றால் மூடிய டப்பாவுக்குள் இருக்கிற தண்ணி அழுகும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணியைத்தான் முதலில் தொட்டிக்குள் தள்ளும். தம்பி முன்பே எச்சரித்திருந்ததால் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தால் முட்டை அழுகிய வாசனை. அந்த அரை டம்ளர் தண்ணியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணியில் ஒருமுறை முக்கி எடுத்து மாட்டினேன். இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போகும் என்று தெரிந்தால் பஞ்சை டப்பாவிலிருந்து எடுத்துத் தொட்டியிலேயே மிதக்கவிட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போட்டுவிடுகிறேன். அதன் விலை 350 ரூபாய், வேலூர் வெயிலுக்கு இது அவசியச் செலவு.

துணைக்கு, காற்றுக் குமிழியால் பஞ்சு வழியாகத் தண்ணியை இழுக்கிற ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்தாயிற்று. 130 ரூபாய், அதற்குக் காற்று மோட்டார் 280, கரண்ட் போனால் தண்ணி டியூப் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் வராமலிருக்க ஒருவழி வால்வு 20. இதில் உப்புப் பிடிக்க ஃபேன் கிடையாது. பெரிய ஃபில்டர் படுத்தாலும் பாக்டீரியா இரண்டு இடத்தில் இருக்கும். முதலிலேயே இதை வாங்கியிருக்க வேண்டும்.

பஞ்சுக் கழுவலையும் மாற்றிவிட்டேன். துணி வெட்டுகிற கத்தரியால் உருளைப் பஞ்சை நீளவாக்கில் இரண்டாக வெட்டினேன். பதினைந்து நாளைக்கு ஒரு பாதி மட்டும், தொட்டியிலிருந்து இறைத்த வாளித் தண்ணியிலேயே, மூன்று பிழி. தண்ணி டீ நிறத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். பஞ்சு பழுப்பாகவே இருக்கிறது, இருக்கட்டும். வளையங்களை இதுவரை தொடவில்லை. ஃபேனை மாதம் ஒருமுறை திறந்து பிரஷ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வினிகர்.

உப்பு இவ்வளவு சீக்கிரம் பிடித்ததற்கு ஊற்றும் தண்ணியும் ஒரு காரணம் என்று பிறகுதான் பிடிபட்டது. கோடையில் தொட்டியில் வாரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் வற்றும், கணக்குப் போட்டால் நாலரை லிட்டர். வற்றுவது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதன் மேல் மறுபடி போர் தண்ணியையே ஊற்றி ஊற்றி ஏற்றியிருக்கிறேன். இப்போது வற்றினதை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணி, மழை வந்தால் மொட்டைமாடி கழுவிப் போனபின் பிடித்த மழைத்தண்ணி. வாராந்திர ஒரு வாளிக்கு மட்டும் போர் தண்ணி. அதையும் விடிகாலையில்தான் பிடிக்க வேண்டும். மே மாதம் மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணியில் கையை வைக்க முடியாது.

செலவு எழுதி வைத்திருக்கிறேன்: மேலே சொன்னவற்றோடு அம்மோனியா சோதனைச் சொட்டு 450, தெர்மாமீட்டர் 60, எல்லாம் சேர்த்து 1,405 ரூபாய். இதில் ஃபில்டரைச் சரி செய்ய மட்டும் ஆனது வினிகர், பிரஷ், ஃபேன், ஆக 115 ரூபாய். அடுத்த முறை ஃபில்டர் வாங்கினால் ஒரே மாதிரி இரண்டாக வாங்குவேன், ஒன்று ஓட, ஒன்று உதிரிக்கு. வாங்கின அன்றே ஒரு லிட்டர் கணக்கையும் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுவேன்.

தினசரிக் காலண்டரில் இ, வ என்று மாற்றி மாற்றிக் குறித்திருக்கிறேன், எந்தப் பாதிப் பஞ்சு என்று தெரிய. நேற்று இடது பாதி முடிந்தது. கழுவும் முன் 8 விநாடி, கழுவினபின் 7. எதிர்ப்பக்கச் செடி மறுபடி சாய்கிறது.